செலோ டேப் ஒட்டிய கேசட்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது பெரிய ஆச்சரியம் இல்லை. மழை விட்ட மூன்றாம் நாள், பீரோவின் அடித்தட்டைக் காலி செய்து மொட்டைமாடி வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தோம். பட்டுப்புடவைகள், வீட்டுப் பத்திரம், எல்.ஐ.சி. பாண்டு, என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். எல்லாம் முடிந்த பிறகு, ஒரு மஞ்சள் துணிப்பைக்குள்ளிருந்து அம்மா அதை எடுத்தாள்.

கறுப்பு வீடியோ கேசட். முதுகில் ஒட்டியிருந்த லேபிளில் இங்க் கரைந்து நீலக் கறையாக வழிந்திருந்தது. எனக்குப் படித்துப் பார்க்கத் தேவையில்லை. 'புதுமனை புகுவிழா, 1992.'

"இதுல உங்கப்பா இருக்காருடா" என்றாள் அம்மா.

அப்பா 2004-ல் போய்விட்டார். போட்டோக்கள் இருக்கின்றன. ரேஷன் கார்டில் ஒன்று, கம்பெனி அடையாள அட்டையில் ஒன்று, ஹாலில் மாலை போட்ட பெரிய படம் ஒன்று. எதிலும் அசையமாட்டார், பேசமாட்டார். ஆளுக்கொரு செல்போனில் வீடியோ எடுக்கும் காலம் வருவதற்குள் கிளம்பிவிட்ட தலைமுறை அது. அவர் குரல் எப்படி இருந்தது என்று கேட்டால், எனக்கே இப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சற்றே கரகரப்பாக என்பேன். அக்கா, "இல்லடா, கணீர்னு இருக்கும்" என்பாள்.

"எங்கயாவது குடுத்து சரி பண்ணுடா. ஒரு தடவை குரலைக் கேட்டுட்டா போதும்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. கேசட் நனைந்ததால் மட்டும் இல்லை. வேறு ஒரு காரணம் இருந்தது. 27 வருஷமாக யாரிடமும் சொல்லாத காரணம். கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

*

இப்போதைய பிள்ளைகளுக்கு டெக் என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருக்கிறது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டை ஒட்டி நம் ஊருக்குக் கலர் டி.வி. வந்தது. பின்னாலேயே துபாய், சவுதியிலிருந்து திரும்பியவர்களின் பெட்டிகளில் விசிஆர் வந்தது. அதைத் தெருவில் யாரும் விசிஆர் என்று சொன்னதில்லை. டெக்தான். சனிக்கிழமை ராத்திரி கலர் டி.வி., டெக், மூன்று படக் கேசட் எல்லாம் சேர்த்து வாடகைக்கு வரும். தெருவே ஒரு வீட்டில் உட்கார்ந்து விடிய விடியப் பார்க்கும். மூன்றாவது படத்தின் க்ளைமாக்ஸை முழித்திருந்து பார்த்தவர் யாரும் கிடையாது.

கொஞ்ச நாளில் அதே கேசட்டில் நாமும் நடிக்க ஆரம்பித்தோம். கல்யாணம், காது குத்து, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு. தோளில் பெரிய கேமராவைச் சுமந்தபடி ஒருவர், கண்ணைக் கூச வைக்கும் லைட்டைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு பையன். அந்த வெளிச்சம் முகத்தில் பட்டதும் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு விறைப்பாகிவிடுவார்கள்.

அப்பாவுக்கு எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலை. டிஃபன் கேரியரை சைக்கிள் ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போவார். சொசைட்டி லோன், பி.எஃப். பணம், அம்மாவின் நாலு வளையல், எல்லாம் சேர்ந்துதான் 1992-ல் இந்த வீடானது. சுற்றிலும் காலி மனைகள், பனைமரங்கள், எல்லைக் கற்கள். கிரகப்பிரவேசத்துக்கு வீடியோ எடுத்ததுதான் அப்பா தன் ஆயுளில் செய்த ஒரே ஆடம்பரம். "வீடு ஒரு தடவைதான் கட்டுவேன். பதிஞ்சு வச்சுக்கணும்" என்றாராம்.

வீடியோக்காரர் கேசட்டைக் கொடுத்த வாரத்தில், எதிர்வீட்டு சவுதி மாமாவின் டெக்கில் போட்டு இரண்டு மூன்று தடவை பார்த்தோம். பிறகு அது மஞ்சள் பைக்குள் போய், பீரோவுக்குள் போய், சாமி சாமான் மாதிரி ஆகிவிட்டது. இருக்கிறது என்பதே போதும் என்று இருந்துவிட்டோம்.

*

நகரத்துக்குள் இரண்டு கடைகளில் விசாரித்தேன். முதல் கடைப் பையன் கேசட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கண்ணாடிக்குள் சுருளின் ஓரத்தில் வெள்ளையாக, உப்புப் பூத்த மாதிரி படர்ந்திருந்தது. "ஃபங்கஸ் சார். மெஷின்ல போட்டா ஹெட்டு போயிடும். நாங்க எடுக்கறதில்ல." அடுத்த கடையில், மொத்தமாகப் பத்து கேசட் இருந்தால் வரச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கடை வாடகை கொடுக்க வேண்டியவர்கள்.

பழைய டி.வி. மெக்கானிக் ஒருவர்தான் வழி சொன்னார். "ஆவடியிலேர்ந்து பூந்தமல்லி போற ரோட்ல, பருத்திப்பட்டு ஏரி தாண்டி ஒரு பெரியவர் இருக்கார். போய்ப் பாருங்க. காசு குடுத்தீங்கன்னா திட்டுவார்."

போனேன். சந்துக்குள் சின்ன வீடு, தகரம் போட்ட முன் தாழ்வாரம், ஒரு பெஞ்சு. உள்ளே மேஜை மேல் மூன்று டெக்குகள் மூடி கழற்றிய நிலையில். மேஜைக்கு அடியில் இன்னும் ஏழெட்டு, சதை கழிந்த எலும்புக்கூடாக. எழுபது வயதைத் தாண்டியவர். வேட்டி, முண்டா பனியன், மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடி. ஒரு காலத்தில் ஆவடியில் வீடியோ கடை வைத்திருந்தவர். கேசட் வாடகை, விசேஷங்களுக்கு வீடியோ எடுப்பது இரண்டும் செய்திருக்கிறார். டாங்கி ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் தன் கேமரா நுழையாத கல்யாணம் கிடையாது என்றார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. "கூட்டம் வந்துடும் சார். கை ரெண்டுதான இருக்கு."

கேசட்டை வாங்கினார். முன்னால் திருப்பவில்லை, ஃபங்கஸைப் பார்க்கவில்லை. முதுகுப் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார். பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"யார் சார் இதுல செலோ டேப் ஒட்டினது?"

வீடியோ கேசட்டின் முதுகில் ஓர் ஓரத்தில் சின்னப் பிளாஸ்டிக் தாவு ஒன்று இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் மேற்கொண்டு ரெக்கார்டு செய்ய முடியாது. விசேஷ வீடியோ கொடுப்பவர்கள் அதை உடைத்துத்தான் கொடுப்பார்கள். தெரியாமல் யாரும் அழித்துவிடக்கூடாதே என்று. ஆனால் உடைந்த பள்ளத்தின் மேல் ஒரு துண்டு செலோ டேப்பை ஒட்டினால் டெக் ஏமாந்துவிடும். மறுபடி ரெக்கார்டு ஆகும்.

1996 மார்ச் 9. பெங்களூரில் உலகக் கோப்பைக் கால் இறுதி, இந்தியா - பாகிஸ்தான். எனக்கு வயது பதினைந்து. சவுதி மாமா வீட்டில் டி.வி. பார்க்கிறோம். ரெக்கார்டு பண்ணலாம் என்று ஆசை. வெற்றுக் கேசட் வாங்கப் பணம் கேட்டால் அப்பா என்ன சொல்வார் என்று தெரியும். பீரோ சாவி எங்கே இருக்கும் என்றும் தெரியும். கிரகப்பிரவேசக் கேசட்டின் கடைசியில் காலி இடம் இருக்கும், அதில் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் திட்டம். செலோ டேப் ஒட்டினேன், போட்டேன். பாகிஸ்தான் ஆட வந்துவிட்டது. ஃபார்வர்டு செய்ய மறந்து, சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டேன்.

ஆமிர் சோஹைல் பவுண்டரி அடித்துவிட்டு வெங்கடேஷ் பிரசாத்திடம் மட்டையை நீட்டிக் காட்டியதும், அடுத்த பந்தில் ஸ்டம்ப் பறந்ததும் நாடே ஆடியது. நானும் ஆடினேன். மாமா சாப்பிட வந்தபோது டெக்கை நிறுத்தினேன். ஒன்றேகால் மணி நேரம் ஓடியிருந்தது. அப்போதுதான் உறைத்தது. கேசட் ஆரம்பத்திலிருந்து பதிந்திருக்கிறது. பசுவும் கன்றும் உள்ளே வந்தது, கணபதி ஹோமம், அப்பாவும் அம்மாவும் மணையில் உட்கார்ந்தது, பால் பொங்கியது, எல்லாமே அந்த முதல் ஒன்றேகால் மணி நேரத்தில்தான் இருந்தது.

அப்படியே பைக்குள் வைத்துப் பீரோவைப் பூட்டினேன். அதற்குப் பிறகு யாராவது "அந்தக் கேசட்டை போட்டுப் பார்க்கலாமா" என்றால் பேச்சை மாற்றுவேன். சி.டி. வந்தது, டி.வி.டி. வந்தது, பென் டிரைவ் வந்தது. தெருமுனைக் கடைகளிலேயே கேசட்டை சி.டி.யாக மாற்றிக் கொடுத்த காலமும் வந்து போனது. நான் போகவே இல்லை. அப்பா இறந்த பிறகும் போகவில்லை.

பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். முதல் தடவையாக ஒரு மனிதரிடம் சொல்கிறேன்.

அவர் சிரித்தார். "பத்து கேசட் வந்தா மூணுல செலோ டேப் இருக்கும் சார். மேட்ச், ராமாயணம், மகாபாரதம். ஒருத்தர் தன் கல்யாணத்து மேலயே சித்திரஹார் எடுத்து வச்சிருந்தார்."

"அடியில இருக்கறதை எப்படியாவது எடுக்க முடியுமா?"

"முடியாது. அழிக்கிற ஹெட்டு முன்னாடி போகும், எழுதற ஹெட்டு பின்னாடி வரும். சுத்தமாத் துடைச்சிட்டுத்தான் எழுதும்." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆனா நீங்க ஒன்னேகால் மணி நேரந்தான எடுத்தீங்க? இது மூணு மணி நேரக் கேசட்டு. மிச்சம் இருக்கும்ல?"

27 வருஷத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை. அழித்துவிட்டேன் என்ற நினைப்பே பெரிதாக நின்றதில், எவ்வளவு அழிந்தது என்று கணக்குப் பார்த்ததில்லை.

*

ஈரம் காயாமல் திறக்கக்கூடாது என்றார். ஹேர் டிரையர், வெயில், அரிசி டப்பா எதுவும் கூடாது. சூடு பட்டால் டேப் சுருண்டுவிடும். ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலங்களோடு ஒரு டப்பாவில் போட்டு மூடினார். ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். இடையில் சும்மா இரண்டு மூன்று தடவை போனேன். பெஞ்சில் உட்கார்ந்து அவர் வேலை செய்வதைப் பார்ப்பது பிடித்துப் போயிற்று.

ஒரு நாள் ஒரு கேசட்டைப் பிரித்துக் காட்டினார். ஐந்து திருகாணி, அவ்வளவுதான். உள்ளே அரை அங்குல அகலத்தில் டேப். மூன்று மணி நேரக் கேசட்டில் சுமார் 258 மீட்டர். அதாவது கால் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வீட்டின் விசேஷம் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. டேப் நகர்வது என்னவோ நத்தை வேகம், விநாடிக்கு இரண்டரை சென்டிமீட்டர்கூட இல்லை. ஆனால் அது உரசிப் போகும் உருளை நிமிஷத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது. அதில் பதித்திருக்கும் மயிரிழை ஹெட்டுகள்தான் படத்தைப் படிக்கின்றன. ஒரு தூசி போதும், டி.வி.யில் கோடு கோடாக விழும். அந்தக் காலத்தில் நாம் மொடமொடப்பான புது ரூபாய் நோட்டை எடுத்து ஹெட்டைத் துடைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? "காந்தி படம் போட்ட பின்னாடி நோட்டு அவ்வளவு சரியில்ல" என்றார் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு.

டேப் என்பது பிளாஸ்டிக் நாடாவின் மேல் பசை வைத்து ஒட்டிய இரும்பு ஆக்ஸைடுத் துகள்கள். நம் பாஷையில் துரு. நம்முடைய கல்யாணங்களைத் துருவில்தான் எழுதி வைத்திருக்கிறோம். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பசையை மெல்ல மெல்லச் சிதைக்கும். பூஞ்சை வந்து குடியேறும். சென்னை மாதிரி கடலோர ஊரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

"டேப்புகூடத் தாங்கும் சார். டெக்குதான் தாங்காது" என்றார். அவருடைய கவலை அதுதான். உலகத்தில் கடைசியாக வி.எச்.எஸ். டெக் செய்துகொண்டிருந்தது ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி. உதிரி பாகங்கள் கிடைக்கவில்லை என்று சொல்லி, 2016 ஜூலையில் அதுவும் நிறுத்திவிட்டது. இனி புது டெக் என்று ஒன்று கிடையாது. ரப்பர் பெல்ட் இற்றுப் போனால், ஹெட் தேய்ந்தால், செத்த இன்னொரு டெக்கிலிருந்து எடுத்துப் போட வேண்டும். மேஜைக்கு அடியில் கிடந்த எலும்புக்கூடுகளின் அர்த்தம் அப்போது புரிந்தது.

அவர் காசு வாங்காததற்கும் அதுவே பதில். "காசு வச்சு நான் என்ன பண்ண? உங்க சொந்தக்காரங்க வீட்டுப் பரண்ல ஒரு பழைய டெக் கிடந்தா கொண்டாங்க. ஓடலைன்னாலும் பரவால்ல."

"சரி, இதையெல்லாம் எதுக்குச் சும்மா பண்றீங்க?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "எத்தனையோ வீட்டு விசேஷத்தைப் புடிச்சுக் குடுத்து காசு வாங்கியிருக்கேன். 'காலத்துக்கும் இருக்கும்'னு சொல்லித்தான் குடுத்தேன். இப்ப ஓடலைன்னா நான் சொன்னது பொய்யாயிடுதுல்ல?"

*

வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். இந்தக் கவலை பருத்திப்பட்டுப் பெரியவருக்கு மட்டும் இல்லை என்று தெரிந்தது. 2019-ல் யுனெஸ்கோவின் ஒரு பிரிவும், ஒலி ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கமும் சேர்ந்து 'காந்த நாடா எச்சரிக்கை' என்று ஒரு திட்டமே தொடங்கின. கெடு 2025. அதற்குள் மாற்றாத டேப்புகளில் பெரும்பகுதியை அப்புறம் பார்க்கவே முடியாமல் போகலாம், காரணம் ஓட்டும் இயந்திரம் இருக்காது என்பதுதான் எச்சரிக்கை. அந்தக் கெடு ஆண்டும் வந்தே விட்டது.

இன்னொன்றும் தெரிந்து ஆறுதல் அடைந்தேன். லண்டன் பிபிசியே 1960, 70-களில், டேப் விலை அதிகம் என்று பழைய நிகழ்ச்சிகளை அழித்து அதன் மேலேயே புதுசை எடுத்திருக்கிறது. 'டாக்டர் ஹூ' என்ற புகழ்பெற்ற தொடரின் பல பகுதிகள் அப்படித்தான் போயின. செலோ டேப் ஒட்டியவன் நான் மட்டும் இல்லை.

லாபம் பார்க்காமல் இந்த வேலையைச் செய்பவர்களும் உலகில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் சான் ஃபிரான்சிஸ்கோவின் 'பே ஏரியா வீடியோ கோயலிஷன்' 1976-ல் தொடங்கியது. கலைஞர்களின், சமூக அமைப்புகளின் டேப்புகளைக் காப்பாற்றித் தருவது அதன் வேலைகளில் ஒன்று. நியூயார்க்கின் நியூ மியூசியத்தில் 2013-ல் நடந்த ஒரு கண்காட்சியில் பொதுமக்களின் டேப்புகளை மாற்றிக் கொடுத்தார்கள். கண்காட்சி முடிந்ததும் அதில் வேலை பார்த்தவர்கள் கலைந்து போகாமல், தன்னார்வலர் குழுவாகத் தொடர்ந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது வாஷிங்டன் நகரப் பொது நூலகம். 2016-ல் அங்கே 'மெமரி லேப்' என்று ஓர் அறை திறந்தார்கள். டெக், கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கும். வாசகர் தன் வீட்டுக் கேசட்டை எடுத்துப் போய், தானே ஓட்டி, தானே மாற்றிக்கொண்டு வரலாம். கட்டணம் இல்லை. புத்தகம் இரவல் எடுப்பது மாதிரி.

நம் ஊரில் முயற்சி இல்லாமல் இல்லை. அரியானாவில் குர்கானில் அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் இசைக் காப்பகம் 1982 முதல் ஒலி, ஒளிப்பதிவுகளைச் சேர்த்துக் காக்கிறது. எங்கள் பக்கத்திலேயே ஒரு முன்கதை உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். ஆயுள் முழுக்கப் பழைய தமிழ்ப் புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், சினிமா பாட்டுப் புத்தகம் என்று தேடித் தேடிச் சேர்த்தார். 1992-ல் அவர் இறந்த பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. கப்பல் ஏற்றிக்கொண்டு போகாமல், இங்கேயே வைத்து 1994-ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக ஆக்கினார்கள். இப்போது தரமணியில் இருக்கும் அந்த நூலகம் ஆரம்பத்தில் எங்கே இருந்தது தெரியுமா? எங்கள் அம்பத்தூருக்குப் பக்கத்து முகப்பேரில். நான் கேசட்டை அழித்த அதே வருஷங்களில், நாலைந்து கிலோமீட்டர் தள்ளி, நொறுங்கும் தாள்களை ஒவ்வொன்றாக மைக்ரோஃபிலிமில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

புத்தகத்துக்கு அப்படி ஓர் இடம் கிடைத்தது. சங்கீதத்துக்குக் காப்பகம் இருக்கிறது. சினிமாவுக்குப் புனேயில் 1964 முதல் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஒரு ஃபிட்டர் கட்டிய வீட்டின் கிரகப்பிரவேசத்துக்கு? அதற்குப் பருத்திப்பட்டுப் பெரியவரின் மேஜைதான்.

அதில் என்ன இருந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். பெரியவர் ஒரு சம்பவம் சொன்னார். வளசரவாக்கத்திலிருந்து ஓர் இலங்கை அம்மா வந்தாராம். 80-களின் கடைசியில் யாழ்ப்பாணத்தில் எடுத்த சாமத்திய வீட்டுக் கேசட். மகளுடைய சடங்கு. படம் ஓட ஓட, அந்த அம்மா மகளைப் பார்க்கவே இல்லையாம். "நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ" என்று பின்னால் தெரிந்த கிணற்றையும், பனையோலை வேலியையும், முற்றத்தையுமே பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்த வீடு இப்போது இல்லை. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகம் அது. அவர்களில் சிலர்தான் 2005-ல் 'நூலகம்' என்ற பெயரிலேயே இணைய நூலகம் தொடங்கி, புத்தகத்தில் ஆரம்பித்து, ஒலி, ஒளிப்பதிவு வரை சேமித்துக்கொண்டிருக்கிறார்கள். இழந்தவர்களுக்கு அருமை சீக்கிரம் தெரிந்துவிடுகிறது.

*

2024 பிப்ரவரியில் பெரியவர் கூப்பிட்டார். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, தாழ்வாரத்தில் உட்கார்ந்து, ஸ்பிரிட் தொட்ட மெல்லிய துணிக்கு நடுவே கையாலேயே டேப்பை அங்குலம் அங்குலமாகச் சுற்றித் துடைத்திருந்தார். இரண்டு நாள் வேலை. சுருளை வேறொரு காலிக் கூட்டுக்கு மாற்றியிருந்தார். "உட்காருங்க. மூணு மணி நேரக் கேசட்டுன்னா மூணு மணி நேரம் ஓடித்தான் ஆகணும். இதுல குறுக்கு வழி இல்ல."

முதலில் பெங்களூர் ஸ்டேடியம். மங்கலாக, ஓரத்தில் கோடு விழுந்துகொண்டு. அன்று ஆடிய நான் இன்று தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். சோஹைல் அவுட் ஆனபோது பெரியவர் மட்டும் மெல்லக் கை தட்டினார். ஒன்றேகால் மணி நேரம். பிறகு சட்டென்று மேட்ச் அறுந்தது. சில விநாடி வெறும் பனி. இரைச்சல்.

அப்புறம் எங்கள் வீடு வந்தது.

வாழை இலைகள். சாம்பார் வாளியோடு ஓடும் சித்தப்பா. பச்சைப் பாவாடையில் அக்கா. நான், முன்பல் இடைவெளியோடு, கேமராவுக்குப் பழிப்புக் காட்டுகிறேன். மொட்டைமாடியிலிருந்து ஒரு சுற்று. காலி மனைகள், பனைமரங்கள், தூரத்தில் ஆவடி போகும் எலெக்ட்ரிக் ட்ரெயின். இப்போது அங்கே எல்லாம் மூன்று மாடி. இறந்துபோன ஏழு பேரை எண்ணினேன். அப்பாவைக் காணோம். பந்தியில் ஒரு முதுகு, வாசலில் ஒரு தோள், "அந்தப் பக்கம் ரசம் வரல பாரு" என்று எங்கிருந்தோ ஒரு சத்தம். விசேஷ வீட்டுக்காரர் எந்த வீடியோவில் நிம்மதியாக நின்றிருக்கிறார்?

கடைசியில், எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிப் போன பிறகு, கேமரா கீழே சாய்ந்து தரையைக் காட்டுகிறது. அணைக்க மறந்துவிட்டார்கள் போல. பிறகு நிமிர்கிறது. அப்பா. தோளில் துண்டு. வியர்வை. நேராக எங்களைப் பார்த்து, அதாவது வீடியோக்காரரைப் பார்த்துக் கேட்கிறார்:

"நீங்க சாப்ட்டீங்களா தம்பி? லைட்டு புடிச்ச பையனையும் கூட்டிட்டு வாங்க. எலை போடச் சொல்றேன்."

அவ்வளவுதான். படம் முடிந்துவிட்டது. குரல் கரகரப்பும் இல்லை, கணீரும் இல்லை. அக்காவும் தோற்றாள், நானும் தோற்றேன்.

பெரியவர் எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எங்களை யாரும் கேக்க மாட்டாங்க சார்" என்றார். "முக்காவாசி வீட்ல, கடைசிப் பந்தி முடிஞ்சு சாம்பார்கூட இருக்காது."

*

அன்று ராத்திரி பென் டிரைவை டி.வி.யில் செருகுவதற்கு முன்னால் அம்மாவிடம் சொன்னேன். "அம்மா, இதுல பூஜை இல்ல. நான்தான்..."

"மேட்ச் எடுத்துட்ட. தெரியும்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எதிர்வீட்டு மாமா மறுநாளே உங்கப்பாகிட்ட சொல்லிட்டாரு. நான் உன்னை வெளுக்கறேன்னு கிளம்பினேன். அவர்தான் விடல. 'வீடு இருக்குல்ல, அது போதும். பையன் இப்ப சந்தோஷமா இருக்கான், கேக்காத'ன்னுட்டாரு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நீயா ஒரு நாள் சொல்லுவேன்னு பார்த்துட்டே இருந்தாரு."

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. படத்தைப் போட்டேன். அம்மா அந்தக் கடைசிக் காட்சியை நாலு தடவை ஓட்டச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "அன்னிக்கு அவர் சாப்பிடவே இல்லடா" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.

உங்கள் வீட்டுப் பீரோவிலோ பரணிலோ ஒரு கேசட் இருக்கலாம். பெரியவர் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளை படர்ந்திருந்தால் எந்த டெக்கிலும் போட்டுப் பார்க்காதீர்கள். படுக்க வைக்காமல், புத்தகம் மாதிரி நிற்க வையுங்கள். ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். மாற்றி எடுத்த பிறகு இரண்டு மூன்று இடத்தில் பிரதி வையுங்கள், பென் டிரைவும் ஒரு நாள் சாகும். பழைய கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். முக்கியமாக, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

என் பங்குக்கு ஓர் ஆசையும் உண்டு. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. மதுரையில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். அங்கெல்லாம் ஒரு மூலையில் ஒரு மேஜை, ஓடுகிற டெக் ஒன்று, அதை ஓட்டத் தெரிந்த ஒருவர். இவ்வளவு போதும். பருத்திப்பட்டுப் பெரியவர் மாதிரி ஆட்கள் இருக்கும்போதே, இரண்டு பிள்ளைகளாவது அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம்.

போன மாதம் பூந்தமல்லியில் ஒரு நண்பரின் மாமனார் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய டெக்கைக் கெஞ்சி வாங்கி, பைக்கில் கட்டிக்கொண்டு பருத்திப்பட்டுக்குப் போனேன். பெரியவர் உள்ளே வேலையாக இருந்தார். தாழ்வாரத்துப் பெஞ்சில் என் வயதுக்காரர் ஒருவர் மடியில் பிளாஸ்டிக் கவரோடு காத்திருந்தார். கவருக்குள் கேசட்டின் முதுகு தெரிந்தது. ஓரத்தில், பழுப்பேறிய செலோ டேப்.

நான் பார்ப்பதைப் பார்த்ததும் கவரைத் திருப்பி வைத்துக்கொண்டார். கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் விட்டார். உட்கார்ந்தேன்.

"எந்த மேட்ச்?" என்று கேட்டேன்.